இரண்டு லயத்துக்கு ஒரு ராஜா

என் தம்பி லோகேஸ்வரன் ஒரு ராஜா. சிரிக்க வேண்டாம். சிரிக்க வேண்டிய அளவுக்கு நானே சிரித்தாகிவிட்டது. கோலாலம்பூருக்கு வடக்கே, ரிங்லெட் என்ற சின்ன ஊரிலிருந்து மலை ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். அவ்வளவுதான் அவனுடைய ராஜ்ஜியம். படை கிடையாது, கஜானா கிடையாது. அரண்மனை என்று பார்த்தால் அப்பா விட்டுப்போன தகரக் கூரை வீடு ஒன்று உண்டு. மழை பெய்தால் அரண்மனைக்குள் அங்கங்கே வாளி வைக்க வேண்டும்.

எங்கள் கொள்ளுத் தாத்தா கங்காணி. சேலம் பக்கத்திலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்து, இங்கே காடு வெட்டித் தேயிலை நட்டவர். நட்ட தேயிலைக்கு நடுவில் ஒரு மாரியம்மனையும் வைத்தார். அன்றிலிருந்து திருவிழாவில் பரிவட்டம் எங்கள் வீட்டு மூத்த ஆண்பிள்ளைக்குத்தான். அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துணியை எடுத்துப் பூசாரி தலையில் கட்டிவிடுவார். கட்டிய தலைதான் அந்தத் திருவிழாவுக்குத் தலை. வாத்தியார் முதல் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வரை எல்லாரும் அவரை 'ராஜா' என்றுதான் கூப்பிட வேண்டும், பெயர் சொல்லக் கூடாது.

கூடவே கட்டுப்பாடுகளும் உண்டு. கொடியேறும் அன்று மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டுவார்கள். அது இருக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ரத ஊர்வலத்தன்று பரிவட்டம் தலையில் ஏறிவிட்டால், ரதம் கோயிலுக்குத் திரும்பும்வரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் தேங்காய் உடைக்காமல் ரதம் நகராது. அந்தத் தேங்காயை வேறு எவனும் தொடக் கூடாது. திருவிழா முடிந்ததும் காப்புக் கயிற்றை அறுக்கிற உரிமை அவரோடு பிறந்தவளுக்கு மட்டும்தான். அப்பாவுக்கு அத்தை அறுத்தார். அறுக்க மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததே இல்லை.

கேட்பதற்குப் பெரிய அதிகாரம் போல இருக்கும். உள்ளே ஒன்றுமில்லை. கோயில் கமிட்டி சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும், சொல்கிற இடத்தில் தேங்காய் உடைக்க வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். அப்பா சிங்காரம் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார், அதற்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

இனி என் கதையில் கொஞ்சம். மேல் லயம், கீழ் லயம் என்பது மலையின் மேடு பள்ளத்தை மட்டும் சொல்லவில்லை. யாரை யார் வீட்டுக்குள் விடுவது என்பதும் அதில் இருக்கிறது. கப்பலில் வந்தபோது மூட்டையோடு மூட்டையாக அதையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான், மேல் லயத்துக் கங்காணி வீட்டுப் பெண் விக்னேஸ்வரி, கீழ் லயத்துத் திருச்செல்வத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். கோபக்காரர், ஆனால் நல்லவர். கல்யாணத்தில் அவர் நீட்டிய தாம்பூலத்தை எங்கள் சித்தப்பா சாம்பசிவம் கையில் வாங்கவில்லை. "கீழ வைய்யி" என்றார். கீழே வைத்த பிறகும் எடுக்காமல் போனார். அந்த ஆள் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், படித்தவர். அப்பாவும் அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

வாசலை மிதித்தவன் லோகு ஒருத்தன்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உள்ள சந்தில் நடந்து போகச் சொன்னால் நடக்க மாட்டான், குதித்துத் திரும்பிப் போவான். கொழுந்து பறிக்கும் பெண்கள் கையைப் பார்த்து, வீட்டில் வந்து வெறும் கையால் அதையே செய்து காட்டுவான். கொழுந்து இல்லை, கூடை இல்லை, ஆனால் பார்க்கிற நமக்கு முதுகு வலிக்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பரிவட்டம் கட்டப் போறவன் பொம்பள மாதிரி இடுப்ப ஆட்டுறான்" என்று பெல்ட்டை எடுத்தார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு லோகு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு பஸ் ஏறினான். அங்கிருந்து கோலாலம்பூர். ஒரு நாட்டியப் பள்ளியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டே பரதம் படித்தான். பிறகு அங்கேயே சொல்லிக் கொடுத்தான். ஒரு குழுவில் சேர்ந்து ஜப்பான், பிரான்ஸ் என்று போய் ஆடிவிட்டு வந்தான். பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தைச் சித்தப்பா மடித்து பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றினார் என்று கேள்வி.

அப்பா இறந்தபோது லோகு வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனான். அந்த வருடம் துக்க வருடம், எங்கள் வீட்டில் யாரும் பரிவட்டம் கட்ட முடியாது. வேறு வழியில்லாமல் பூசாரியே தேங்காய் உடைக்க, ரதம் ராஜா இல்லாமல் கிளம்பியது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையிடம் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மேல் லயத்துக்கு ஏறும், மற்றது கீழ் லயத்துக்கு இறங்கும். காலங்காலமாக ரதம் முதலில் மேலேதான் ஏறும். கீழே வரும்போது பூ வாடியிருக்கும், பூசாரிக்குத் தொண்டை கட்டியிருக்கும். இப்போது மேலே பாதி வீடுகளில் வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். கீழேதான் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். "இந்த வருஷம் மொதல்ல கீழ" என்று என் கணவர் ரதமாக ஜோடித்த லோரிக்கு முன்னால் நின்றார். வாய்ப் பேச்சு கைக்கு வந்தது. சித்தப்பா மகனின் மண்டை உடைந்தது. என் கணவரைப் போலீஸ் பிடித்துப் போனது. கோர்ட்டில் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். இன்னொரு தடவை கை ஓங்கினால் நேராக உள்ளேதான்.

தோட்டத்து மேனேஜர் டெரன்ஸ் கமிட்டியைக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு போலீஸ் ரிப்போர்ட் வந்துச்சின்னா, தோட்டத்து ரோட்டுல ரதமே கெடையாது. கோயிலுக்குள்ளயே கும்பிட்டுக்கோங்க. இது நான் சொல்றது இல்லலா, மேல இருந்து சொல்றாங்க."

ஆக, ஒரு அடி விழுந்தால் என் கணவர் ஜெயிலுக்கு, அம்மன் உள்ளுக்கு. இப்படி இருக்கையில்தான் அடுத்த திருவிழா வந்தது. இரண்டு லயமும் ஒரே ஆளைக் கேட்டன. லோகுவைத்தான் கேட்டார்கள். ரத்தம் நம்முடையது, நாம் சொன்னதைச் செய்வான் என்று சித்தப்பா நினைத்தார். மச்சான் ஆயிற்றே, நம் பக்கம் திருப்புவான் என்று என் கணவர் நினைத்தார். ஆட்டக்காரனுக்கு முதுகெலும்பு கிடையாது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

நான்தான் போன் செய்தேன். அவன் சிரித்தான்.

"ராஜாவா? நானா? அக்கா, இங்க நாடகத்துல ராஜா வேஷம் குடுத்திருக்காங்க. பெரிய வேஷம். இப்ப ஒத்திகை நடக்குது. நான் போனா வேற ஆளப் போட்டுருவாங்க. எனக்கு நாப்பது தாண்டிருச்சி. முட்டி போயிட்டிருக்கு. இதுக்கு மேல யாரு எனக்கு வேஷம் குடுப்பா?"

"ஒரே ஒரு வருஷம்டா. அப்புறம் ஆறிப் போயிரும்."

"காப்பு கட்டிட்டா விடமாட்டாங்க. அப்பாவ விட்டாங்களா?"

"அறுக்கறது யாரு? நான்தானே. திருவிழா முடிஞ்ச அன்னிக்கே அறுத்து பஸ் ஏத்தி விடுறேன். அம்மா மேல சத்தியம்."

அம்மா பெயரைச் சொன்னதும் "சரி, வர்றேன்" என்றான். ஒரு பையோடு வந்து இறங்கினான். அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு காப்புக்குக் கை நீட்டினான். மேல் லயத்துக் கிழவர்கள் அவன் நடையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழ் லயத்து இளவட்டங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் இடுப்பை ஆட்டிக் காட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு லயத்துக்கும் நல்ல ஒற்றுமை. லோகு ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. தினமும் அப்பா வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தான். தகரத்தில் மழைச் சத்தம், தரையில் அவன் கால் சத்தம்.

ஊர்வலத்தன்று காலையில் என் கணவர் லோரி சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்து, துண்டில் சுற்றி இடுப்பில் செருகினார். நான் பார்த்துவிட்டேன்.

"என்னங்க அது?"

"சும்மா. கைக்காவலுக்கு."

"பிணையில இருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

"அவனுங்க தடியோட வருவானுங்க. நான் பூ எடுத்துக்கிட்டுப் போவணுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அர்ச்சனைத் தட்டில் வெற்றிலையை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன்.

மதியத்துக்குப் பிறகு பூசாரி பரிவட்டம் கட்டினார். மஞ்சள் பட்டு லோகுவின் நெற்றியில் ஏறியதும் அவன் வாய் மூடியது. உறுமி மேளம் காதைப் பிளந்தது. கோயில் வாசலில் தேங்காயை உடைத்தான். அலங்கரித்த லோரியில் அம்மன் கிளம்பினாள். முன்னால் ராஜா, பின்னால் ரதம், அதற்குப் பின்னால் ஒன்றோடொன்று சேராத இரண்டு கூட்டம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்தில் போலீஸ் வண்டி ஒன்று மெதுவாகக் கூடவே வந்தது.

கொட்டகை வந்தது, இரண்டு கூட்டமும் ரதத்தைத் தாண்டி முன்னால் போய் நின்றன. மேலே ஏறும் பாதையில் சித்தப்பா, அவர் மகன்கள், இன்னும் பலர், கையில் கொடிக்கம்பு என்ற பெயரில் தடி. கீழே இறங்கும் பாதையில் என் கணவரும் அவருடைய ஆட்களும். பெண்கள் நாங்கள் அவரவர் பக்கத்தில் தட்டோடு. மேளக்காரர்களுக்கே பயம் வந்து அடியைக் குறைத்தார்கள்.

லோகு பாதை பிரியும் இடத்துக்கு வந்து நின்றான். அங்கே இன்னொரு தேங்காய் உடைக்க வேண்டும், அவன் எந்தப் பாதையில் உடைக்கிறானோ அந்தப் பக்கம் ரதம் போகும். எல்லாருடைய கண்ணும் அவன் கையில் இருந்த தேங்காயில்தான்.

"ராஜா! மேல வா! மொறைய மாத்தாத!" என்று சித்தப்பா கத்தினார்.

"மச்சான்! கீழ எறக்கு!" இது என் கணவர்.

லோகு குனிந்தான். தேங்காயைத் தரையில், இரண்டு பாதைக்கும் சரி நடுவில், தன் கால்களுக்கு இடையில் வைத்தான். நிமிர்ந்து கை இரண்டையும் இடுப்பில் ஊன்றினான். அப்புறம் முழங்கால்களை இரு பக்கமும் விரித்து, பாதி உட்கார்ந்த நிலைக்கு இறங்கினான். அரைமண்டி என்பார்கள், பரதம் ஆடுகிறவர்கள் நிற்கிற நிலை. அப்படியே நின்றுவிட்டான்.

முதலில் சிரிப்பு வெடித்தது. "ஆட ஆரம்பிச்சிட்டான்லா!" என்று எவனோ கத்தினான். விசில் பறந்தது. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அவன் ஆடவில்லை. அசையவே இல்லை. கண் மட்டும் எங்கோ ஒரு இடத்தில் நட்டு வைத்தது போல நின்றது.

மழை பிடித்தது. இங்கே மழை வந்தால் குளிர் எலும்புக்குள் போகும். பரிவட்டம் நனைந்து அவன் முகத்தில் மஞ்சள் வழிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. சிரித்தவர்கள் மெல்ல ஓய்ந்தார்கள். சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கால் வலி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொடை துடிக்க ஆரம்பித்ததை எல்லாரும் பார்த்தோம். மலர் என்று சித்தப்பாவின் மருமகள், தட்டை ஏந்தியபடி, "ஐயோ, கால் போயிரும்" என்றாள், தன்னை அறியாமல்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒடைடா! அம்மன மழையில நிறுத்தி வைக்கிறியே, நீ மனுசனா?" என்று முன்னால் வந்தார். அவர் மகன் அதற்குள் குனிந்து தேங்காயை எடுக்கப் போனான். "தொடாதடா!" என்று என் கணவர் பாய்ந்தார். அவர் கை முதுகுப் பக்கம் துண்டுக்குள் போனது. மேல் லயத்துத் தடிகள் உயர்ந்தன. போலீஸ் வண்டியின் கதவு திறந்த சத்தம் கேட்டது. அந்த இரும்பு வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. என் வீடும் முடிந்தது, அம்மன் ஊர்வலமும் முடிந்தது.

அப்போதுதான் லோகுவின் கண் திரும்பியது. நேராக என்னைப் பார்த்தது. அரைமண்டியிலிருந்து எழாமலே கைகளை எடுத்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஒரு தட்டை ஏந்தினான். தட்டு இல்லை, ஆனால் அதன் கனம் கையில் தெரிந்தது. கீழ் லயத்துப் பக்கம் திரும்பி ஏந்தினான். மேல் லயத்துப் பக்கம் திரும்பி ஏந்தினான். பிறகு அந்த இல்லாத தட்டைக் கொட்டகைப் பக்கம் நீட்டி, குனிந்து இறக்கி வைத்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். வா என்று விரல் மடங்கியது.

ரதம் யார் வீட்டுக்கும் போகாது, வீடுகள் ரதத்துக்கு வரட்டும் என்கிறான். சின்ன வயதில் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவன் ஆடியதை எல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தப் பாஷை தெரியும்.

நான் தட்டோடு கிளம்பினேன்.

"விக்கி, எங்க போற?" என் கணவரின் குரல்.

"அம்மனுக்குத் தட்டு குடுக்கப் போறேன். அடிக்கணும்னா மொதல்ல என்னை அடிங்க. இரும்பும் கையிலதானே இருக்கு!" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன். அவர் கை துண்டுக்குள்ளேயே நின்றது. மனிதர் முகம் கறுத்துப் போனது. நான் இரண்டு பாதைக்கும் நடுவில் போய் நின்று பெண்களைப் பார்த்தேன். "இந்த ஆம்பளைங்க விடியற வரைக்கும் இப்படித்தான் நிப்பானுங்க. புள்ளைங்க நனையுது. வாங்கடி!"

முதலில் வந்தது மலர்தான். மாமனார் தோளைப் பிடித்தார், உதறிவிட்டு வந்தாள். பிறகு கீழ் லயத்துப் பெண்கள், பிறகு மேலே இருந்து ஒவ்வொருத்தியாக. கொட்டகைக்குள் கூட்டம் சேர்ந்தது.

அங்கேயும் ஒரு வில்லங்கம். பூசாரி கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு தட்டு மொதல்ல?" என்று கேட்டார். பாவி மனுஷன். வெளியே தடிகள் மறுபடியும் அசைந்தன.

கொழுந்து கொட்டும் பெரிய கித்தான் விரிப்பு கொட்டகை மூலையில் சுருட்டிக் கிடந்தது. அதை இழுத்து விரித்தேன். என் தட்டைக் கவிழ்த்தேன். தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாம் அதில் கொட்டியது. மலர் என்னைப் பார்த்தாள், சட்டென்று தன் தட்டையும் கவிழ்த்தாள். கொழுந்தை நிறுத்து லோரியில் கொட்டிய பிறகு யாருடையது எது என்று எவனும் சொல்ல முடியாது. அந்தக் கொட்டகையில் தினமும் நாங்கள் செய்கிற வேலைதானே. மளமளவென்று எல்லாத் தட்டும் கவிழ்ந்தன. பூசாரி கித்தானுக்கே தீபாராதனை காட்டினார், வேறு வழி?

வெளியே லோகு தேங்காயை எடுத்தான். எழுந்தபோது கால் மடங்கி விழப் பார்த்தான். யாரும் பிடிக்கவில்லை, பரிவட்டம் கட்டியவனைத் தொடக் கூடாதே. தானாகவே நிமிர்ந்து, தேங்காயை ஓங்கி உடைத்தான். சில்லுகள் இரண்டு பாதையிலும் தெறித்தன. பிள்ளைகள் எந்தப் பாதை என்று பார்க்காமல் ஓடிப் பொறுக்கினார்கள். ரதம் மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அங்கிருந்தே கோயிலுக்குத் திரும்பியது. போலீஸ் வண்டியின் கதவு சாத்திய சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. டயர் இரும்பு லோரி சீட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காப்பு அறுக்கக் கோயிலுக்குப் போனேன். கையில் பாக்குவெட்டி. லோகு மணிக்கட்டை நீட்டிக்கொண்டு அம்மன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய பை. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

இரண்டு லயமும் வந்திருந்தன. சித்தப்பா முன்னால் வந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார்.

"விக்னேஸ்வரி, அறுக்காதம்மா."

"ஏன்?"

"இவன் போயிட்டா மறுபடியும் வெட்டுக் குத்துதான். இவன் இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் அடங்கும். வீடு இருக்கு, சோறு நாங்க போடுறோம். இங்கயே இருக்கட்டும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவராவது எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவரு சொல்றது சரிதான் விக்கி. மச்சான் இங்கயே இருக்கட்டுமே. கயித்த அப்படியே விட்டுரு."

வாழ்நாளில் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேரும் என் தம்பியைச் சிறை வைப்பதில் ஒத்துப்போனார்கள். எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறியது. அதே சமயம் பயமும் வந்தது, மறைப்பானேன். இவன் போனால் அடுத்த வருடம் அந்த இரும்பு வெளியே வரும். புருஷன் ஜெயிலுக்குப் போவார். கயிற்றை விட்டுவிட்டால் எனக்கு நிம்மதி. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். இத்தனை நாள் என்னை ஒதுக்கிய மேல் லயம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்.

லோகு என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. "பரவால்லக்கா," என்றான் மெதுவாக. "மாமா உள்ள போனா நீ என்ன பண்ணுவ? விட்டுரு. வேஷத்துக்கு வேற ஆள் கெடைப்பான்." சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான். முகத்தில் எதை வேண்டுமானாலும் கொண்டு வரக்கூடியவன் அவன். அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை.

கயிற்றுக்குள் பாக்குவெட்டியை விட்டு, ஒரே வெட்டாக வெட்டினேன். கூட்டம் "ஐயோ" என்றது.

"கெளம்புடா," என்றேன். "பஸ் போயிரப் போவுது."

"அப்ப அடுத்த வருஷம்?" என்று சித்தப்பா கத்தினார். "நீதான் பதில் சொல்லணும்!"

"நான் ஏன் சொல்லணும்? ராஜா வேணும்னா நீங்க போய்க் கூப்புடுங்க. நீங்களும் இவரும், ரெண்டு பேரும். ஒரே கார்ல போவணும், பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்து அவன் ஆடுறதப் பாக்கணும். பாத்துட்டு அவன்கிட்ட கேளுங்க. வந்தா வரட்டும், வரலன்னா அடிச்சிக்கிட்டுச் சாவுங்க. ஒருத்தரு தனியாப் போனீங்கன்னா காப்ப நான் அறுக்கவே வரமாட்டேன், அறுக்க ஆளில்லன்னா அவனும் கை நீட்ட மாட்டான், சொல்லிட்டேன்."

அந்த ஒரு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். கொடியேற்றம் நெருங்கியது, ஒருவரும் அசையவில்லை. டெரன்ஸ் வேறு பழைய பாட்டையே பாடிவிட்டுப் போனார். ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் இருமல் சத்தம். சித்தப்பா, வெள்ளை வேட்டி, கையில் குடை, முகத்தில் கடுகடுப்பு.

"வண்டி எடுக்கச் சொல்லு," என்றார் என்னிடம். என் கணவரைப் பார்க்கவில்லை.

எங்கள் பழைய காரின் முன்சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மலையிறங்கி, தாப்பா வழியாகக் கோலாலம்பூருக்கு. நடுவழியில் அடித்துக்கொண்டு காரைப் பள்ளத்தில் விட்டிருப்பார்களோ என்று நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். மறுநாள் மதியம் கார் திரும்பியது. பின்சீட்டில் லோகு தூங்கிக்கொண்டிருந்தான், காதோரம் அரிதாரம் போகாமல். காப்புக்குக் கை நீட்டவே வந்திருந்தான். திருவிழா முடிந்ததும் அறுத்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். இன்றுவரை அப்படித்தான். திருவிழா தொடங்கும்போது வருவான், முடிந்ததும் போவான். ரதம் கொட்டகையோடு திரும்பும்.

அன்று கார் நின்றதும் சித்தப்பா குடையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். அடுப்படியில் என் கணவருக்குச் சோறு போட்டபடி கேட்டேன்.

"வழியில சண்டையா?"

"பேசவே இல்லலா. ரேடியோதான் பேசிச்சி."

"ஆட்டம் எப்படி?"

"எனக்கு என்ன தெரியும். அதே ராஜா வேஷம்தான், வேற ஆளப் போடல. கடைசில போர்க்களத்துல விழுந்து சாவுறான். கிரீடம் உருண்டு போவுது, அதத் தேடிக் கைய நீட்டறான், எட்டல. ஒரே இருட்டு, அவன் மேல மட்டும் வெளிச்சம். நெசமாவே செத்துட்டான்னுதான் நெனச்சேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "அப்ப ஒங்க சித்தப்பா என் கையப் புடிச்சிக்கிட்டாரு."

"யாரு? சித்தப்பாவா?"

"ஆமா. கெட்டியா."

"இருட்டுல தெரியாமப் புடிச்சிருப்பாரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் வெளக்கு போட்டாங்க. குனிஞ்சி பாத்தாரு, யாரு கைன்னு."

"பாத்துட்டு?"

"பாத்துட்டும் எடுக்கல."

நான் அவருக்குக் குழம்பு ஊற்ற வேண்டும் என்பதையே மறந்து, கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.